இரைச்சல் பாலமும் ஒரு சின்ன இதயமும்

கம்பம் பன்னீர் திராட்சையைச் சாப்பிட்டிருப்பீர்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியையும் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தத் திராட்சை விளைகிற ஊர்களில் ஒன்றான காமயகவுண்டன்பட்டிக்குப் போயிருக்கிறீர்களா? "கே.கே.பட்டி" என்று சுருக்கிச் சொன்னால்தான் பஸ் கண்டக்டருக்குச் சட்டென்று புரிகிறது! மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று போய், கம்பத்திலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். தேனி தாண்டி வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் வந்துவிட்டாலே காற்றில் ஈரம் தட்டுகிறது. அதன் பிறகு இருபக்கமும் வயல், வாழை, தென்னை. கண்ணுக்குக் குளிர்ச்சி!

என் மூத்த நாத்தனார் வாழ்க்கைப்பட்ட ஊர் இது. கிழக்கே மேகமலைத் தொடர், மேற்கே கேரள எல்லை மலை; நடுவில் தொட்டில் கட்டினாற்போலப் பள்ளத்தாக்கு. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல் போட்டுக் கொடியைப் படர விட்டிருக்கிறார்கள். உள்ளே போனால் பகலிலேயே நிழல் கட்டி நிற்கிறது. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. இங்கே தோட்டம் தோட்டமாக மாற்றிக் கவாத்து செய்வதால் வருஷம் முழுவதும் எங்காவது ஓர் அறுப்பு நடந்துகொண்டே இருக்கிறது. விடிவதற்கு முன்பே ஏலத் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. சுதந்திரப் போராட்டத் தியாகிகள் பலரைத் தந்த ஊர் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மகாத்மா காந்திக்கு ஒரு கோயிலே கட்டி வைத்திருக்கிறார்கள்!

பேரன் பார்க்கப் போன இடத்தில்...

நான் போனது ஊர் சுற்ற மட்டும் அல்ல. நாத்தனாரின் நாலு மாதப் பேரனைப் பார்க்கவும்தான். நாத்தனாரின் மூத்த மகனுக்கு என் கொழுந்தனாரின் மகளைத்தான் கட்டியிருக்கிறது. தாய்மாமன் மகள், உரிமைப் பெண். அதனால் அந்தப் பிள்ளை எங்களுக்கு இரண்டு வழியிலும் சொந்தம்.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போனபோது டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டிருக்கிறார். "ஒரு சத்தம் வருது. எக்கோ எடுத்துப் பார்த்துடலாம்" என்றாராம். எடுத்துப் பார்த்ததில் இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் சின்னதாக ஓர் ஓட்டை. "சதைப் பகுதியில் இருக்கிற சின்ன ஓட்டை. இப்போ ஆபரேஷன் வேண்டாம். இந்த மாதிரி பல ஓட்டைகள் பிள்ளை வளர வளரத் தானே மூடிக்கும். மூணு மாசம் கழிச்சுக் கூட்டி வாங்க" என்று தைரியம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

டாக்டர் சொன்ன தைரியத்தை வீட்டுக்கு வந்தவர்கள் பறித்துவிட்டார்கள். "கிரகணத்தன்னிக்கு இவ அரிவாமனையில காய் அரிஞ்சா, நானே பார்த்தேன்" என்றார் ஒரு பாட்டி. "பப்பாளி தின்னிருப்பா" என்றார் இன்னொருவர். பெண் என் மடியில் முகம் புதைத்துக்கொண்டு, "நான் என்ன பெரியம்மா தப்புப் பண்ணேன்? ஆறாம் மாசத்துல ஒரு நாள் தெரியாம அரிஞ்சது நெசந்தான்" என்று விசும்பினாள். பால் குடித்துவிட்டுத் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தேன். அவனுக்கு ஒரு கவலையும் இல்லை!

நாத்தனாரின் மகள் மதுரையில் பள்ளி ஆசிரியை. உயிரியல் பாடம் எடுப்பவள். லீவுக்கு வந்திருந்தாள். "நாளைக்கு எல்லாரும் லோயர் கேம்ப் போகலாம் அத்தை. அங்க வெச்சு இவளுக்கு ஒண்ணு காட்டணும்" என்றாள்.

லோயர் கேம்பில்

கம்பம், கூடலூர் வழியாகப் போனால் மலையடிவாரத்தில் லோயர் கேம்ப். 1895-ல் பென்னிகுவிக் துரை முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். அந்தத் தண்ணீர்தான் இந்தப் பள்ளத்தாக்கின் சோறு. வீட்டுக்கு வீடு அவர் படம் மாட்டியிருப்பதும், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைப்பதும் சும்மா இல்லை. அவருக்கு இங்கே மணிமண்டபமும் இருக்கிறது. மலைமேலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கும் தண்ணீர் மின் நிலையத்தைச் சுற்றிவிட்டு ஆறாகிறது. அந்தப் பக்கம் போகாத தண்ணீர் பாறைகளுக்கு நடுவே பாய்ந்து வருகிற இடத்துக்குப் பெயரே இரைச்சல் பாலம்! பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது.

"பார்த்தியா? அகலமான வாய்க்கால்ல தண்ணி சத்தமே போடாது. இடுக்கு வழியா வேகமாப் பாய்ஞ்சா இரைச்சல் போடும். டாக்டர் கேட்டதும் இந்தச் சத்தந்தான். இடது கீழறையில அழுத்தம் ஜாஸ்தி, வலது பக்கம் கம்மி. அதனால ரத்தம் ஓட்டை வழியாப் பீறிட்டுப் போகுது. ஓட்டை சின்னதா இருந்தாத்தான் இரைச்சல் பெரிசாக் கேக்கும். சத்தத்தை வெச்சு நீயா பயந்துக்கக் கூடாது" என்றாள் ஆசிரியை. ஓட்டையே இல்லாத நல்ல பிள்ளைகளுக்கும் சில சமயம் லேசான இரைச்சல் கேட்பதுண்டாம். டாக்டர் பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

குடியிருந்துகொண்டே கட்டும் வீடு

மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டே அவள் சொன்னதை, எனக்குப் புரிந்த மட்டும் உங்களுக்கும் சொல்கிறேன்.

அடை வைத்த கோழி முட்டையை நாலாம் நாள் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பாகச் சிலந்தி உட்கார்ந்தாற்போலத் தெரியும். அது ரத்தக் குழாய், நடுப்புள்ளி இதயம். இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பே கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் முட்டைக்குள் துள்ளும் அந்தப் புள்ளியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

மனிதப் பிள்ளைக்கும் அப்படித்தான். கரு உருவாகி மூன்றாவது வாரம் முடிகிற சமயம் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அப்போது அது வெறும் குழாய்; அறையும் இல்லை, வால்வும் இல்லை. அந்தக் குழாய் துடித்துக்கொண்டே வலப்பக்கமாக வளைகிறது, மடிகிறது, உப்புகிறது. உள்ளே சுவர்கள் எழும்புகின்றன. எட்டு வாரம் ஆவதற்குள் நான்கு அறைகளும் ஏறக்குறைய முடிந்துவிடுகின்றன. நாமெல்லாம் வீட்டைக் கட்டி முடித்துப் பால் காய்ச்சிய பிறகுதான் குடி போகிறோம். இதயமோ உள்ளே குடியிருந்து, வேலையும் பார்த்துக்கொண்டே கட்டுகிற வீடு!

அதனால் உள்ளே ஓடுகிற ரத்தமும் ஒரு கொத்தனார் வேலை பார்க்கிறது. இதை வரிக்குதிரை போலக் கோடு போட்ட ஒரு சின்ன மீனில் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டு ஓடைகளிலும் உள்ள மீன்தான். அதன் கரு கண்ணாடி மாதிரி இருப்பதால் இதயம் வளர்வதை வெளியிலிருந்தே பார்க்கலாம். 2003-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அந்தக் கருவின் இதயத்துக்கு ரத்தம் வருகிற வழியிலோ போகிற வழியிலோ நுண்ணிய மணியை வைத்து அடைத்துப் பார்த்தார்கள். இதயம் சரியாக வளையவில்லை, வால்வு உருவாகவில்லை. கோழிக் கருவிலும் இப்படி ஒன்று செய்திருக்கிறார்கள். 1990-களில் நெதர்லாந்தில் இதயத்துக்கு வரும் ஒரு சின்ன நாளத்தை அடைத்தபோது, கீழறைச் சுவரில் ஓட்டை முதலான குறைகள் வந்தன. அந்தக் கருக்களின் மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. ஓட்டத்தை மாற்றியதுமே கட்டடமும் மாறிவிட்டது.

வரைபடமும் தண்ணீரும்

அப்படியானால் ஜீன் என்கிற மரபணுவுக்கு வேலை இல்லையா? நிறைய இருக்கிறது. அது வீட்டின் வரைபடம். ஈயில் ஒரு மரபணு இல்லாவிட்டால் இதயமே உருவாவதில்லை என்று கண்டு, அதற்கு 'டின்மேன்', அதாவது தகர மனிதன், என்று பெயர் வைத்தார்கள். ஒரு ஆங்கிலக் குழந்தைக் கதையில் வருகிற இதயமில்லாத பாத்திரம் அது. அதே வகை மரபணு நமக்கும் உண்டு. அது பழுதானால் மேலறைச் சுவரில் ஓட்டை பரம்பரையாக வரலாம் என்று 1998-ல் சில குடும்பங்களில் கண்டுபிடித்தார்கள். ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கிறது.

"வரைபடம் போட்டாத்தான் வாய்க்கால் வெட்ட முடியும். ஆனா தண்ணி ஓட ஓடத்தான் கரை பதப்படும், இல்லியா அத்தை?" என்றாள். அதோடு விடவில்லை. இங்கே தண்ணீர் பதிலுக்கு வரைபடத்தோடு பேசுகிறதாம்! இதயத்தின் உள்சுவரில் இருக்கிற செல்கள், ஓடுகிற ரத்தம் தங்களை உரசுவதை உணர்கின்றன. வயலில் தண்ணீர் பாயும்போது நாற்று சாய்கிறதே, அந்த மாதிரி. அந்த உரசலில் சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ரத்தம் முன்னும் பின்னும் அலைமோதுகிற இடத்தில் "இங்கே ஒரு கதவு வேண்டும்" என்று வால்வு கட்டுகிற வேலை ஆரம்பிக்கிறது. அழுத்தத்தை உணர்கிற 'பீசோ' என்ற புரதத்தை 2010-ல் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியன் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மீனில் வால்வு சரியாக அமைய அதுவும் வேண்டியிருக்கிறது.

இதயம் ஏன் இடப்பக்கம் இருக்கிறது? அதற்கும் ஓட்டம்தான் காரணம். ஆரம்பக் கருவில் ஒரு சின்னக் குழியில் மயிரிழை போன்ற நுண்ணுறுப்புகள் சுழன்று, நீரை இடப்பக்கமாகத் தள்ளுகின்றன. ஜப்பான் நாட்டு ஆய்வாளர்கள் எலிக் கருவில் அந்த நீரை எதிர்த் திசையில் ஓட விட்டபோது, இடம் வலமாக மாறியது! வலப்பக்கம் இதயம் உள்ள மனிதர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களில் சிலருக்கு அந்த நுண்ணுறுப்புகள் சரியாகச் சுழல்வதில்லை.

இன்னும் ஒரு அதிசயம் பிரசவ அறையில் நடக்கிறது. வயிற்றுக்குள் பிள்ளை மூச்சு விடுவதில்லை அல்லவா? அதனால் ரத்தம் நுரையீரலுக்கு அதிகம் போகாமல் குறுக்கு வழியாகப் போகிறது. மேலறைகளுக்கு நடுவே ஒரு கதவு, வெளியே ஒரு இணைப்புக் குழாய். பிறந்து "குவா" என்று முதல் மூச்சு இழுத்ததும் நுரையீரல் விரிகிறது, ரத்தம் அங்கே பாய்கிறது, இடப்பக்க அழுத்தம் ஏறுகிறது, கதவு சாத்திக்கொள்கிறது. குழாய் இரண்டொரு நாளில் சுருங்குகிறது. பென்னிகுவிக் ஆற்றைத் திருப்ப எட்டு வருஷம் பட்ட பாட்டைக் குழந்தை ஓர் அழுகையில் செய்துவிடுகிறது! பெரியவர்களிலேயே நாலு பேருக்கு ஒருவருக்கு அந்தக் கதவு முழுக்க ஒட்டாமல் இருக்கிறதாம். பெரும்பாலோருக்கு அது தெரியாமலே வாழ்நாள் ஓடிவிடுகிறது.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்கு ஏதாவது ஓர் இதயக் குறை இருக்கிறது. இவ்வளவு நுணுக்கமான வேலையில், இத்தனை சரியாக அமைகிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

பெண் கேட்டுக்கொண்டே இருந்தவள், "அப்போ அக்கா, ரெண்டு மாசத்துலயே சுவரெல்லாம் முடிஞ்சிருமா?" என்றாள். "ஆமா. நீ ஆறாம் மாசம் காய் அரிஞ்சே. சுவர் எழும்பி நாலு மாசம் ஆச்சு. கட்டி முடிஞ்ச வீட்டுல, அரிவாமனைச் சத்தத்துக்கா ஓட்டை விழும்?" அவள் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

நாத்தனார் கேட்ட பெண்

இவ்வளவு தெரிந்த பிறகு அன்றிரவு எனக்கு ஒரு சோதனை. நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன தாயி, சின்னவனுக்கும் உன் மகளைத்தான் கேக்கலாம்னு இருக்கேன். வெளியில போயி எங்கத்த தேடுறது?" என்றார். என் கணவர் ஒன்றும் பேசாமல் விசிறிக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் சொந்தத்தில் கட்டியவர்கள்தான். சொந்தத்தில் கட்டினால் எல்லாப் பிள்ளைக்கும் குறை வரும் என்று இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. அசலில் கட்டியவர்களுக்கும் இதயக் குறையோடு பிள்ளை பிறப்பதுண்டு. இந்தப் பேரனுக்கு இதனால்தான் வந்தது என்றும் யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த பழுதான மரபணு இரண்டு பக்கமும் சேர வாய்ப்பு அதிகம். 2009-ல் வெளியான ஓர் ஆய்வை ஆசிரியை எடுத்துக் காட்டினாள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த தண்டபாணியும், ஹைதராபாத் ஆய்வகத்துத் தங்கராஜும் மற்றவர்களும் சேர்ந்து செய்தது. இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் ஒரு சின்னத் துண்டு விட்டுப்போயிருப்பதை, நம் துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்கு நாலு பேரிடம் கண்டார்கள். இது ஓட்டை அல்ல, தசையைப் பலவீனமாக்குகிற குறை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் நடு வயது வரை ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். இரண்டு பக்கமும் வந்தால் சின்ன வயசிலேயே ஆபத்து.

"மதினி, கட்டுனாலும் கட்டாட்டியும் நம்ம உறவு விட்டுப் போகாது. மரபணு பார்த்து ஆலோசனை சொல்ற டாக்டர்கிட்ட கேக்காம நான் வாக்குத் தர மாட்டேன். படிக்கிற பொண்ணு, அவளையும் ஒரு வார்த்தை கேக்கணும்" என்று சொல்லிவிட்டேன். நாத்தனார் முகம் வாடிவிட்டது. பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் காலை காபியைக் கையில் கொடுத்தவர், "டாக்டர்கிட்ட எப்பப் போறீகன்னு சொல்லு. நானும் வாரேன்" என்றார். அப்போதுதான் என் கணவரும் தலையாட்டினார்!

இளம் தாய்மார்களுக்குச் சில குறிப்புகள்

நாள் தள்ளிப்போனது தெரிகிறபோது இதயம் துடிக்க ஆரம்பித்திருக்கும். ஆகவே கவனம் அதற்கு முன்பே வேண்டும்.

* ஜெர்மன் அம்மை என்கிற ரூபெல்லா கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தாக்கினால் பிள்ளையின் கண்ணையும் இதயத்தையும் கெடுக்கும் என்று 1941-லேயே ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர் கண்டு சொன்னார். 2017-ல் நம் மாநிலப் பிள்ளைகளுக்கெல்லாம் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்களே, அது இதற்காகவும்தான். போடாத பெண்கள் கல்யாணத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். கர்ப்பமான பிறகு போடக் கூடாது. போட்ட பின் ஒரு மாதமாவது கர்ப்பம் தரிக்கக் கூடாது.

* சர்க்கரை உள்ளவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். போலிக் ஆசிட் மாத்திரையை அப்போதே தொடங்குவது நல்லது.

* வலிப்பு, முகப்பரு போன்றவற்றுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாங்களாகவே நிறுத்தவும் கூடாது.

* பூச்சி மருந்து அடிக்கிற தோட்டத்துக்குள் கர்ப்பிணிகள் போக வேண்டாம்.

* 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவற விடாதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது இதயக் குறை இருந்தால் சொல்லுங்கள். பிள்ளையின் இதயத்தைத் தனியாகப் பார்ப்பார்கள்.

* பிறந்த பின், பால் குடிக்கும்போது நெற்றி வேர்ப்பது, விட்டு விட்டு மூச்சு வாங்கிக் குடிப்பது, எடை ஏறாதது, அடிக்கடி நெஞ்சுச் சளி கட்டுவது, அழும்போது உதடு, நாக்கு நீலமாவது - இதில் எதைக் கண்டாலும் உடனே காட்டுங்கள். கை கால் விரலில் கிளிப் மாட்டிப் பிராணவாயு பார்க்கிற சோதனை வலிக்காது.

* பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்க 2013 முதல் அரசுத் திட்டம் இருக்கிறது. தேனிப் பக்கத்தவர்களுக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதய ஆபரேஷனுக்கு உதவி உண்டு. காசில்லை என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இப்படி ஒரு பிள்ளையைப் பார்க்கப் போனால், "மாசமா இருந்தப்போ என்ன செஞ்சே?" என்று அந்தத் தாயைக் கேட்காதீர்கள். "அடுத்த தடவை டாக்டரிடம் எப்போது போகணும், துணைக்கு நான் வரட்டுமா?" என்று கேளுங்கள்.